கமக்காரர் அமைப்புக்குத் தலைவர் தெரிவு: தண்ணீர் தெரிந்தவரா, ஆட்களைத் தெரிந்தவரா?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புத் தெரிவு பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவர் பெயரைச் சொல்வார், இன்னொருவர் ஆமோதிப்பார், கைதட்டல், தேநீர். ஜனவரியில் வாய்க்கால் கடைசி வயல், கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்தில் காய்ந்து வெடிக்கும்போதுதான் நாம் யாரைத் தெரிவு செய்தோம் என்று யோசிப்போம். முதன்முறை அங்கத்தவராகிறவர்களுக்கும், முதன்முறை தெரிவுக் கூட்டம் ஒழுங்கு செய்யும் செயலாளர்களுக்கும் இந்த வழிகாட்டி. மீனவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்துகிறவர்களும் தண்ணீர் என்று வரும் இடத்தில் தங்கள் தொழிலைப் போட்டுக்கொண்டு வாசிக்கலாம்.

மொத்த வேலைக்கும் ஆறு வாரம் ஒதுக்குங்கள். சிறுபோக (கோடை) அறுவடை முடிந்து, பெரும்போக (மாரி) ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளிதான் நல்ல காலம். விதைப்புத் தொடங்கிய பிறகு தலைவரை மாற்றுவது ஓடுகிற ஆற்றில் தோணி மாறுவது போல.

1. முதலில் வேலைகளை எழுதுங்கள், பெயர்களை அல்ல

ஒரு கொப்பித் தாளில் ஓகஸ்ட் முதல் அடுத்த ஓகஸ்ட் வரை அமைப்பு செய்ய வேண்டிய வேலைகளை மாதப்படி எழுதுங்கள். வாய்க்கால் துப்புரவு, ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் நெல்லின் வயதும் தீர்மானிப்பது, உர மானியப் பட்டியல், மாடு கட்டும் கடைசி நாள், மாரியில் குளக்கட்டுக் காவல், முறைத் தண்ணீர், அறுவடைக்கு வயலை வடிய விடுவது, திருத்த வேலை ஒப்பந்தம், கணக்கு. கடைசியாக, சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாவிட்டால் எந்தக் கண்டத்துக்கு (வயல் பகுதிக்கு) விடுவது என்ற பெரிய தலையிடி.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நுட்பம்', 'ஆள்' என்று குறியுங்கள். பலவற்றுக்கு இரண்டும் வரும். அப்போது எது பிழைத்தால் வேலை நின்றுபோகும் என்று கேளுங்கள். நெல்லின் வயதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாய்க்காலில் பாதிப்பேர் மூன்று மாத நெல்லும் பாதிப்பேர் மூன்றரை மாத நெல்லும் விதைத்தால், ஒரு பக்கம் அறுவடைக்கு வடிய விடக் கேட்கும், மறுபக்கம் தண்ணீர் கேட்கும். இது நுட்பக் கேள்வி, ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். ஆனால் "என்ர வயல், நான் விரும்பினதைத்தான் விதைப்பன்" என்று நிற்பவரை ஒத்துக்கொள்ள வைப்பது ஆள் வேலை. நின்றுபோவது அங்கேதான்.

இந்தத் தாள் இல்லாமல் பெயர்ப் பட்டியலைத் தொடங்கினால், பேச்சு முழுவதும் யார் யாருடைய ஆள் என்பதிலேயே போகும்.

2. எதைக் கடன் வாங்கலாம், எதை முடியாது

நுட்பத்தில் பெரும்பகுதியைக் கடன் வாங்கலாம். மதிப்பீடு தயாரிக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருக்கிறார். பூச்சிக்கு விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். அம்பாறைப் பக்கம் சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசிக்க ஊரில் ஒரு பிள்ளை இருக்கும். காசேடு எழுதுவதை இரண்டு வாரத்தில் பழக்கலாம். ஆனால் தலைப்பு வயல்காரர் இரவில் வரப்பில் தண்ணீர் விடும் வக்கடையைத் திறந்து வைத்தால், காலையில் போய்ச் சண்டை இல்லாமல் மூடவைக்கும் ஆளை எந்தத் திணைக்களமும் அனுப்பாது.

ஆகவே சந்தேகம் வந்தால் ஆள் பக்கம் சாயுங்கள். அதற்காக "நல்ல மனிசன்" என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தெரிவு செய்யவும் கூடாது. நல்ல மனிதரை ஒப்பந்தக்காரர் சிரித்துக்கொண்டே ஏமாற்றிவிடுவார். தலைவராக வருபவர் யாரையும் கேட்காமல் சொல்லக்கூடிய ஐந்து விசயங்கள் உண்டு.

முதலாவது தண்ணீர்க் கணக்கு. ஒரு கியூசெக் (செக்கனுக்கு ஒரு கன அடி) தண்ணீர் 24 மணித்தியாலம் ஓடினால் கிட்டத்தட்ட 2 ஏக்கர் அடி, அதாவது 24 ஏக்கர் அங்குலம். 12 ஏக்கருக்கு 2 அங்குலம் கட்டலாம். வாய்க்காலில் 36 ஏக்கர் இருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று நாள். கசிவும் எலி வளையும் போக இன்னும் கூடும். இந்தக் கணக்குத் தெரியாத தலைவர் "எல்லாருக்கும் நாளைக்கு வரும்" என்று வாக்குக் கொடுப்பார். நாளைக்கு வராது.

இரண்டாவது, பயிரின் பருவம். குடலை தொடங்கிப் பூத்து முடியும் வரை வயல் காயக்கூடாது. தண்ணீர் குறைந்தால் அந்தப் பருவத்தில் நிற்கும் வயலுக்குத்தான் முதல் முறை.

மூன்றாவது, கட்டின் கசிவு. குளக்கட்டின் வெளிப்புற அடியில் தெளிந்த நீர் மெதுவாகக் கசிந்தால் அடையாளம் வைத்து நாளுக்கு நாள் கவனிக்கலாம். கலங்கிய நீர் வந்தால் கட்டின் மண்ணே உள்ளிருந்து அரித்து வருகிறது என்று அர்த்தம். அந்த நிமிடமே அதிகாரிக்கு அறிவித்து, கட்டுக்குக் கீழே இருப்பவர்களையும் எழுப்ப வேண்டும். விடியட்டும் என்று இருக்க முடியாது.

நான்காவது, கொங்கிறீற். 1:2:4 கலவையில் ஒரு கன மீற்றருக்கு 50 கிலோ சீமெந்து ஆறு மூடைக்கு மேல் போக வேண்டும். 5 கன மீற்றர் வேலைக்கு 20 மூடைதான் இறங்கியிருக்கிறது என்றால், பத்து மூடைக்கு மேல் எங்கே என்று தலைவர் அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். பூசி மெழுகிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ஐந்தாவது, வங்கிக் கூற்றை வாசிப்பது. கையிருப்பும் வங்கி மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்று பொருளாளர் சொல்லும்போது விளங்கிக்கொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

இந்த ஐந்தும் தெரியாதவரை ஒரு போகம் உபதலைவராக வையுங்கள். பழகிக்கொள்வார்.

3. பதவிக்குப் பதவி அளவு வேறு

தலைவருக்கு ஆள் கூட, நுட்பம் மேலே சொன்ன அளவு.

செயலாளருக்கு எழுத்து. கூட்டம் முடிந்த அன்றிரவே அறிக்கை எழுதுபவர் வேண்டும். கையெழுத்து அழகு இரண்டாம் பட்சம்.

பொருளாளர் விசயத்தில் ஆள் பழக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். முகம் பார்த்துக் காசு கொடுக்காத, கொஞ்சம் முசுடான ஆள்தான் இந்த இடத்துக்குப் பொருத்தம். பற்றுச்சீட்டு இல்லாமல் மண்ணெண்ணெய்க்குக்கூடக் காசு தரமாட்டார் என்று ஊரில் முறைப்பாடு இருந்தால், அவரைத்தான் கேளுங்கள்.

வட்டை (வயல்வெளி) விதானை இவர்கள் எல்லாரையும் விட முக்கியம் என்பது என் எண்ணம். தண்ணீர் அவர் கையால்தான் போகிறது. இங்கே இரண்டும் ஒரே ஆளில் வேண்டும், தப்ப முடியாது. துரிசு (குளத்தின் மதகு) எத்தனை சுற்றுத் திறந்தால் கடைசிக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் எட்டும் என்று தெரிய வேண்டும். "மாமா, உங்கட முறை முடிஞ்சுது" என்று பெரிய வயல்காரரான போடியாரிடமும் சொல்லக்கூடிய வாய் வேண்டும். அவருடைய சொந்த வயல் வாய்க்கால் கடைசியில் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் அங்கே எட்டாமல் அவருக்கே நித்திரை வராது.

4. வழமையாக விழும் குழிகள்

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்: கடிதம் நன்றாக எழுதுவார், கச்சேரியில் ஆட்களைத் தெரியும். ஆனால் சிலர் அமைப்பையே கந்தோர் ஆக்கிவிடுவார்கள். வயலில் நிற்பவரிடம் "எழுத்தில் தாருங்கள்" என்பார்கள். செயலாளராக வைத்தால் தங்கம்.

தலைப்பில் நிறைய ஏக்கர் உள்ளவர்: தண்ணீர் அவருக்கு எப்போதும் வரும். மற்றவருக்கு வராதது அவருக்குச் செய்திதான், வலி இல்லை.

டவுனில் இருப்பவர்: வயல் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வீடு கிழக்கே எழுவான்கரையில். மாரியில் பாதை மூடினால் இரண்டு நாள் தொலைபேசித் தலைவர். கட்டு உடைவதும் அந்த இரண்டு நாளில்தான்.

கட்சிக்காரர்: கருங்கல்லும் கிரவலும் கொண்டு வருவார், மறுப்பதற்கில்லை. தேர்தலில் மற்றப் பக்கம் நின்றவரின் வாய்க்காலுக்கு அது போகுமா என்று மட்டும் பாருங்கள்.

எல்லோருக்கும் 'ஓம்' சொல்பவர்: இவர்தான் மிக ஆபத்து, ஏனென்றால் இவரை எல்லோருக்கும் பிடிக்கும். ஆட்களைக் கையாளத் தெரிந்தவர் மனம் நோகாமல் 'இல்லை' சொல்லத் தெரிந்தவர். அவர் கடைசியாக யாருக்கு 'இல்லை' சொன்னார் என்று விசாரியுங்கள். ஒரு பெயரும் வராவிட்டால் யோசியுங்கள்.

5. ஒரு நாள் வேலை கொடுத்துப் பாருங்கள்

கூட்டத்துக்கு நாலு வாரம் முன்னால், பெயர் அடிபடும் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளை வாய்க்கால் சிரமதானத்தைப் பொறுப்பாகக் கொடுங்கள். பரீட்சை என்று சொல்ல வேண்டாம். செலவு பெரிதில்லை: இருபது பேருக்குத் தேநீர், பணிஸ், இரண்டு மண்வெட்டிப் பிடி.

பின்னேரம் நாலு விசயம் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? துப்புரவு செய்த வாய்க்காலின் அடி ஒரே சரிவாக இருக்கிறதா, அல்லது நடுவில் பள்ளம் விட்டுத் தண்ணீர் தேங்குமா? வராதவர்களை அவர் எப்படிக் கையாண்டார், ஒலிபெருக்கியில் திட்டினாரா, வீட்டுக்குப் போய்க் கதைத்தாரா, கண்டும் காணாமல் விட்டாரா? தேநீர்க் காசின் துண்டுச் சீட்டுகள் அன்றே வந்தனவா?

ஒருவர் 300 மீற்றரை நூல் பிடித்தது போல வெட்டி முடித்திருப்பார், ஆனால் அவரும் இரண்டு கூலிக்காரருமே வெட்டியிருப்பார்கள். இன்னொருவர் பதினெட்டுப் பேரைக் கூட்டி வந்திருப்பார், ஆனால் வாய்க்கால் பாம்பு போல வளைந்திருக்கும். முதலாமவரிடம் அடுத்த வருடமும் அதே மூன்று பேர்தான் வெட்டுவார்கள். இரண்டாமவருக்கு மட்டப் பலகை பிடிக்கக் காட்டிக் கொடுக்கலாம். என் வாக்கு இரண்டாமவருக்கு. முதலாமவரைத் திருத்தவேலைக் குழுவுக்குக் கட்டாயம் கேளுங்கள், வெளியே விட்டுவிடாதீர்கள். வேலை தெரிந்தவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கினால் அமைப்பு அரைக் கை இழந்த மாதிரி.

6. வாக்காளர் பட்டியல்: சண்டை இங்கேதான் தொடங்கும்

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் அங்கத்துவப் பதிவேட்டைத் திறந்து சரிபாருங்கள். நம் பக்கம் வயல் சீதனமாக மகளுக்குப் போவது வழக்கம். காணி மனைவி பெயரில், செய்கை கணவர் கையில். பதிவேட்டில் யார் பெயர்? அவரே வாக்களிக்கலாம். இருவரும் கை உயர்த்தினால் மற்றவர்கள் எழும்புவார்கள். குத்தகைக்காரர், வெளியூரில் இருக்கும் உரிமையாளர், இறந்தவரின் பெயரில் கிடக்கும் காணி ஆகியவற்றுக்கும் உங்கள் யாப்பு என்ன சொல்கிறது என்று முன்கூட்டியே வாசியுங்கள். யாப்பின் பிரதி அமைப்பில் இல்லாவிட்டால் கமநல சேவை நிலையக் கோப்பில் கேட்டுப் பிரதி எடுங்கள். அமைப்பு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால் அங்கே ஒரு கோப்பு இருக்கும்.

காணி பெண்கள் பெயரில் இருக்கும்போது நிர்வாகம் முழுவதும் ஆண்களாக இருப்பது அழகில்லை என்பதோடு நட்டமும் கூட. மாதர் சங்கத்தில் சுழற்சிக் கடன் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் எத்தனையோ பேர். பொருளாளரை அங்கே தேடுங்கள்.

சந்தாப் பாக்கியைத் தெரிவு அன்று வாசலில் வைத்து வசூலிக்க வேண்டாம். ஒருவர் இருபது பேரின் பாக்கியைக் கட்டி இருபது வாக்கை வாங்கிவிடுவார். கடைசித் திகதியை ஒரு வாரம் முன்னால் வையுங்கள். பற்றுச்சீட்டு அங்கத்தவர் பெயரில் இருக்கட்டும்.

7. அறிவித்தலும் நாளும்

யாப்பில் உள்ள முன்னறிவித்தல் நாட்களைக் கணக்குப் பார்த்து எழுத்தில் கொடுங்கள். பொதுவாக இரண்டு வாரம் வைத்தால் பிழைக்காது. ஒரு பிரதி கமநல சேவை நிலையத்துக்கு, ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு. உத்தியோகத்தர் வர வேண்டுமென்றால் வேலை நாள், பிற்பகல் மூன்று மணி. போயா தினம் கந்தோர் பூட்டு. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து செய்யும் வட்டையில் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். கோயில் திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோரம் சேராமல் கூட்டம் ஒத்திப்போனால் தேநீர்ச் செலவு இரண்டு தரம், அதோடு ஆட்களின் ஆர்வமும் பாதியாகிவிடும்.

செலவுப் பட்டியல் அறுபது அங்கத்தவருக்கு: அறிவித்தலும் கணக்கறிக்கையும் ஆளுக்கு ஒவ்வொரு தாள், ஆக 120 பிரதி. தேநீர், பணிஸ் 75 பேருக்கு (பிள்ளைகளும் வருவார்கள்). வாக்குச் சீட்டு 70. கதிரை ஊரில் கிடைக்கும், ஏற்றி இறக்க லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு டீசல். இவ்வளவுதான். இதற்குமேல் யாராவது செலவு காட்டினால் துண்டு கேளுங்கள்.

8. கூட்டத்தில்

முதலில் பழைய நிர்வாகத்தின் கணக்கு, அதன் பிறகு தெரிவு. இந்த ஒழுங்கை மாற்ற விடாதீர்கள். தெரிவு முடிந்ததும் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள், கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள்.

தலைமைப் பதவிக்கு நிற்பவர்களிடம் எல்லோர் முன்னிலையிலும் ஒரே மூன்று கேள்வியைக் கேளுங்கள். குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது, சிறுபோகத்துக்கு யாருக்கு விடுவீர்கள், எப்படித் தீர்மானிப்பீர்கள்? இரவு பதினொரு மணிக்குக் கட்டின் அடியில் கலங்கிய தண்ணீர் என்று ஒரு பொடியன் ஓடி வருகிறான், முதல் மூன்று வேலை என்ன? உங்கள் மச்சான் முறை தவறித் தண்ணீர் எடுத்துவிட்டார், என்ன செய்வீர்கள்?

மூன்றாவதில்தான் ஆள் தெரியும். "என்ர மச்சான் அப்பிடிச் செய்யமாட்டார்" என்பவருக்குச் சனம் சிரிக்கும். "மறுகா பாப்பம்" என்பவருக்கும் வாக்குப் போகும், ஆனால் போகக்கூடாது. "அடுத்த முறையில அவருக்கு அந்த மணித்தியாலம் குறையும், அதை விதானைக்கு முன்னால அவரிட்டச் சொல்லுவன்" என்பவரில் நுட்பமும் இருக்கிறது, நெஞ்சும் இருக்கிறது.

போட்டி இருந்தால் இரகசிய வாக்கு. கை உயர்த்தச் சொன்னால் குத்தகைக்காரர் போடியாரின் முகத்தைப் பார்ப்பார். நிர்வாகக் குழுவுக்கு மட்டும் வேறு வழி நல்லது: ஒவ்வொரு வாய்க்கால்காரரும் தனியாக இருந்து பேசி, ஒருமனதாக ஒருவரைத் தரட்டும். 1980களின் தொடக்கத்தில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்கால் பிரதிநிதிகளை இப்படித்தான் எடுத்தார்கள். பத்து இருபது பேர் ஒருவரை ஒருவர் வயலில் பார்த்தவர்கள். அங்கே பேச்சு வன்மை எடுபடாது.

9. பத்திரங்களும் வங்கியும்

தெரிவு முடிந்த கையோடு அறிக்கைப் புத்தகத்தில் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், பதவி, கிடைத்த வாக்குகள், முன்மொழிந்தவர், ஆமோதித்தவர் எல்லாவற்றையும் எழுதி, வந்திருக்கும் உத்தியோகத்தரின் கையொப்பத்தையும் எடுங்கள். "பிறகு எழுதலாம்" என்று விட்ட அறிக்கைக்கு வங்கியில் மதிப்பில்லை.

கையொப்பக்காரரை மாற்ற வங்கி வழமையாகக் கேட்பவை: தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதி, புதியவர்களின் அடையாள அட்டைப் பிரதி, வதிவிடச் சான்று, மாதிரிக் கையொப்பம், பதிவுச் சான்றிதழின் பிரதி, கமநல சேவை நிலையத்தின் கடிதம். கிளைக்குக் கிளை ஒன்றிரண்டு மாறும். முதல் நாளே போய்ப் பட்டியலை எழுதி வாங்குங்கள், பிறகு மூன்று பேரும் ஒன்றாகப் போங்கள். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அதுவரை காசோலை எழுதக்கூடாது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பம் என்றால் பொருளாளர் கட்டாயம் ஒருவராக இருக்கட்டும். அண்ணன் தம்பி, மாமன் மருமகன் இரண்டு கையொப்பமாக வர வேண்டாம்.

வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. "டவுனுக்குப் போறது கரைச்சல்" என்பார்கள். கரைச்சல்தான். போங்கள்.

10. கையளிப்பு

பழைய நிர்வாகத்திடமிருந்து ஏழு நாளுக்குள் எடுக்க வேண்டியவை: யாப்பு, பதிவுச் சான்றிதழ், அங்கத்துவப் பதிவேடு, அறிக்கைப் புத்தகம், காசேடு, பாவித்ததும் பாவிக்காததுமான பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், காசோலைப் புத்தகம், இறப்பர் முத்திரை, ஒப்பந்தக் கோப்புகள், இருப்புப் பதிவேடு. பதிவேட்டில் உள்ள தண்ணீர்ப் பம்பியை வாசித்துக் கையொப்பமிட வேண்டாம். இயக்கிப் பார்த்து இடுங்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் கிழிந்த அடிக்கட்டை இருந்தால் இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

தோற்றுப்போன தரப்பில் நுட்பம் தெரிந்தவர் இருந்தால், புதிய தலைவர் அவர் வீட்டுக்கு முதல் வாரமே போக வேண்டும். தொலைபேசி போதாது. குளத்தைப் பற்றிய விசயங்களில் பாதி எந்தக் கொப்பியிலும் இருக்காது. போன மாரியில் எந்த இடத்தில் கட்டு கீழே இறங்கியது, எந்த வாய்க்காலுக்கு இரண்டு மணித்தியாலம் முந்தித் திறக்க வேண்டும், எந்தக் கதவு பாதியில் இறுகும் என்பதெல்லாம் அவர் தலையில்தான்.

கடைசியாகத் துரிசின் திறப்பு (சாவி). அதைத் திருத்தமாகக் கையளிப்புத் தாளில் எழுதி, பழைய விதானையும் புதிய விதானையும் சேர்ந்து துரிசடிக்குப் போய், ஒருமுறை முழுதாகத் திறந்து மூடி, எத்தனை சுற்று என்று எண்ணி அதையும் அதே தாளில் எழுதிக் கையொப்பம் இடுங்கள். மழை தொடங்குவதற்கு முன்.